மெல்லும் முகத்தைக் காட்டுங்கள்: தொல்விலங்குப் பற்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

தொல்விலங்குகளின் பற்களைப் பற்றி வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே குறை. பல்லைப் பக்கவாட்டில் எடுத்த படம் இருக்கிறது, மெல்லும் முகத்தை எடுத்த படம் இல்லை. எங்கே, எந்த மண்ணில் கிடைத்தது என்ற விவரமும் இல்லை. எந்த விலங்கு என்பதை மெல்லும் முகம் சொல்லும். எந்தக் காலம் என்பதைக் கிடைத்த இடம்தான் சொல்லும். இரண்டையும் அனுப்பியவர் ஒருவர் இருப்பதால் அவர் கேள்வியிலிருந்து தொடங்குகிறோம்.

திருவள்ளூர் வாசகர்: கொசஸ்தலையாற்றங்கரையில் மண் சரிந்து கிடந்த இடத்தில் இந்தப் பல் கிடைத்தது. உயரம் 7 செ.மீ. கறுப்பும் பழுப்புமாக இருக்கிறது, கல் மாதிரி கனக்கிறது. மாட்டுப்பல் என்கிறார்கள் ஊரில். பழைய கற்கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கம் பக்கத்தில்தான் இருக்கிறது. பல லட்சம் ஆண்டுப் பழசாக இருக்குமா?

இது மாட்டுப்பல் இல்லை. குதிரையினத்தின் மேல்தாடைக் கடைவாய்ப்பல். எப்படிச் சொல்கிறோம் என்பதை நீங்களே பல்லைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்க்கலாம்.

ஒரு கிண்ணத்தில் மணலைக் கொட்டி, மெல்லும் முகம் மேலே தெரியும்படி பல்லை அதில் நட்டு வையுங்கள். ஈரத் துணியால் அந்த முகத்தை மட்டும் ஒருமுறை ஒற்றுங்கள். மூன்று வகைப் பொருள் தனித்தனியாகத் தெரியும். பளபளப்பாக, விரல் வைத்தால் தட்டுப்படும்படி சற்றே உயர்ந்து ஓடுவது எனாமல். அதற்கு உள்ளே மங்கலாக, பள்ளமாக இருப்பது டென்டின். எனாமலுக்கு வெளியிலும் மடிப்பு இடுக்குகளிலும் காரை பூசியது போல ஒட்டியிருப்பது சிமென்டம். எனாமல் மெதுவாகத் தேயும், மற்ற இரண்டும் சீக்கிரம் தேயும். அதனால்தான் புல் மேயும் விலங்கின் பல் வயலும் வரப்புமாக ஆகிவிடுகிறது. அந்த வரப்பு எப்படி வளைந்து ஓடுகிறது என்று பார்த்துத்தான் விலங்கைச் சொல்கிறோம்.

உங்கள் பல்லின் முகம் ஏறக்குறையச் சதுரம்: 27 மி.மீ. நீளம், 26 மி.மீ. அகலம். நடுவில் எனாமல் சூழ்ந்த இரண்டு தீவுகள் இருக்கின்றன. இரண்டு தீவுகளும் ஒன்றையொன்று பார்க்கும் பக்கத்தில் எனாமல், கொசுவம் வைத்தது போலச் சிறுசிறு மடிப்புகளாகப் போகிறது. நாக்குப் பக்கம் ஒரு நீள மடல் வெளியே துருத்தி, ஒடுங்கிய கழுத்தால் பல்லோடு சேர்ந்திருக்கிறது. கன்னப் பக்கம் மேலிருந்து கீழாக இரண்டு தடித்த முகடுகள். இந்த நான்கும் சேர்ந்து இருந்தால் குதிரை, கழுதை, வரிக்குதிரை அடங்கிய குடும்பம்தான். வேறு எதுவும் இல்லை.

மாட்டின் மேல் கடைவாய்ப்பல்லிலும் இரண்டு தீவுகள் உண்டு. பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான். ஆனால் மாட்டின் தீவுகள் பிறைச்சந்திரன் வடிவம், கரை வழவழவென்று இருக்கும், கொசுவம் கிடையாது. பல்லே இரண்டு தூண்களை ஒட்டவைத்தது போலிருக்கும். இரண்டு தூணுக்கும் நடுவே, நாக்குப் பக்கத்தில், மெல்லிய மூன்றாம் தூண் ஒன்று அடியிலிருந்து எழும்பி நிற்கும். மாடு, எருமை இரண்டிலும் இந்தக் குட்டித் தூண் நன்றாக வளர்ந்திருக்கும். தேய்மானம் அதை எட்டியதும் முகத்தில் அது தனி வட்டமாகவோ வளையமாகவோ தெரியும். இன்னொரு வித்தியாசம் பக்கவாட்டில்: குதிரைப்பல் செங்கல் வார்த்தது போல அடி முதல் நுனி வரை ஒரே பருமனாக வரும், வேர் மிகக் குட்டை. மாட்டுப்பல் அடியில் தெளிவாக வேர்களாகப் பிரியும்.

குதிரையின் மேல்தாடையில் ஒரு பக்கத்துக்கு ஆறு கடைவாய்ப்பற்கள் வரிசையாக நிற்கும். முதலும் கடைசியும் முக்கோணம், நடுவில் உள்ள நான்கும் சதுரம். உங்களுடையது அந்த நான்கில் ஒன்று. கீழ்த்தாடைப் பல்லாக இருந்தால் அகலம் ஏறத்தாழப் பாதியாகிவிடும், மூடிய தீவே இருக்காது. நாக்குப் பக்கம் இரட்டைச் சுழி போல ஒரு முடிச்சு தெரியும்.

இப்போது வயது. கறுப்பு நிறத்தை வைத்து வயது சொல்லவே கூடாது. மண்ணில் உள்ள மாங்கனீசும் இரும்பும் சில பத்தாண்டுகளிலேயே பல்லைக் கறுக்க வைத்துவிடும். கனமும் பாதி சாட்சிதான். புதிய குதிரைப்பல்லும் கையில் எடுத்தால் எதிர்பார்ப்பதைவிடக் கனமாகவே இருக்கும். நாக்கில் ஒட்டுகிறதா என்று பார்ப்பதும் நுண்துளை இருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும்.

சங்க காலத்திலிருந்தே கடல்வழியாகக் குதிரை வந்து இறங்கிய நாடு இது. பாளையக்காரர் படை, நவாப் படை, கும்பினிப் படை என்று எத்தனையோ குதிரைகள் இந்த ஆற்றங்கரைகளில் செத்திருக்கும். ஆற்று வண்டலில் கிடைக்கும் தனிக் குதிரைப்பல்லை முதலில் வரலாற்றுக் காலத்துப் பல்லாகத்தான் எண்ண வேண்டும். வீட்டுக் குதிரையையும் பழைய காட்டுக் குதிரையினங்களையும் ஒரே பல்லை வைத்துப் பிரிப்பது நிபுணர்களுக்கே கடினம்.

அதே சமயம் உங்கள் நினைப்பு வீண் இல்லை. 1863-ல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவி கண்டெடுத்த நாளிலிருந்து அறியப்பட்ட இடம் அந்த வட்டாரம். அத்திரம்பாக்கத்தில் 1999-க்குப் பிறகு நடந்த அகழாய்வில், கற்கருவிகள் இருந்த அடுக்கிலேயே குதிரையினத்தின் பல்லும் மாட்டினம் அல்லது எருமையினத்தின் பல்லும் துண்டுகளாகக் கிடைத்தன. அங்குள்ள அச்சூலியன் கருவிகளின், அதாவது கைக்கோடரி வகைக் கற்கருவிகளின், காலம் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் வெளியிட்டார்கள். அந்தப் பல் துண்டுகள் எந்த அடுக்கில் கிடந்தன என்பது பதிவாகியிருப்பதால்தான் அவற்றை வைத்துப் பேச முடிகிறது. உங்கள் பல் சரிந்த மண்ணில் கிடந்தது. எனவே மறுபடி அந்த இடத்துக்குப் போங்கள், எதையும் தோண்டாதீர்கள். சரிவுக்கு மேலே நிற்கும் கரையைப் படம் எடுங்கள். எந்த மண், எந்த உயரத்தில், எத்தனை அடுக்கு என்று எழுதுங்கள். பல்லின் இடுக்கில் ஒட்டியிருக்கும் மண் மணலா, களியா, சுண்ணாம்புக் கட்டியா, அது கரையில் எந்த அடுக்கோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். செல்பேசியில் இடக்குறியீட்டையும் சேமித்து, பல்லோடு தொல்லியல் துறை அலுவலகத்துக்குப் போனால் அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நுனி கிடைக்கும்.

சண்டிகரில் வசிக்கும் வாசகர்: சிவாலிக் மலைப் பக்கம் கிடைக்கும் குதிரைப் பற்களில் மூன்று குளம்புக் குதிரை எது, ஒற்றைக் குளம்புக் குதிரை எது என்று பல்லிலேயே தெரியுமா?

மேல்தாடைப் பல் என்றால் தெரியும். மேலே சொன்ன நாக்குப் பக்கத்து மடலைப் பாருங்கள். அது கழுத்தால் பல்லோடு ஒட்டியிருந்தால் இன்றைய குதிரையின் பேரினம். எதனோடும் ஒட்டாமல் முட்டை வடிவில் தனித் தீவாக நின்றால் ஹிப்பேரியன் கூட்டம், அதாவது மூன்று குளம்பு. ஆனால் பல் வேர் வரை தேய்ந்துவிட்டால் ஹிப்பேரியனிலும் மடல் ஒட்டிக்கொள்வது உண்டு. கிழட்டுப் பல்லை வைத்து முடிவு சொல்லாதீர்கள். சிவாலிக்கில் ஹிப்பேரியன் ஒரு கோடி ஆண்டுக்குச் சற்று முன்பே வந்துவிட்டது. ஒற்றைக் குளம்புக் குதிரை வந்தது சுமார் 26 லட்சம் ஆண்டுக்கு முன்புதான். ஆகவே பல்லைக் கொண்டு பாறையின் காலத்தையும் ஓரளவு கணிக்கலாம்.

இரத்தினபுரி வாசகர்: மாணிக்கக் குழியில் இல்லம் (மாணிக்கக் கற்கள் கலந்த சரளை அடுக்கு) எடுக்கும்போது செங்கல் போல ஒரு பல் வந்தது. 22 செ.மீ. நீளம், மேலே குறுக்கே வரிகள். யானைதான் என்று தெரிகிறது. எந்த யானை? வெளியே வைத்து இரண்டு நாளில் விரிசல் விடத் தொடங்கிவிட்டது.

விரிசலை முதலில் நிறுத்துங்கள், அடையாளம் பிறகு. ஆண்டாண்டு காலமாக நீரில் ஊறிக் கிடந்த பல் இது. எனாமல் தண்ணீரை அதிகம் குடிப்பதில்லை, டென்டினும் சிமென்டமும் குடிக்கின்றன. காயும்போது அவை சுருங்கும், எனாமல் சுருங்காது; ஒட்டிய இடம் பிய்ந்துகொள்ளும். வெயிலிலோ மின்விசிறிக்கு அடியிலோ வைத்தால் தகடு தகடாக உதிர்ந்துவிடும். நனைத்துப் பிழிந்த செய்தித்தாளில் நாலைந்து சுற்றுச் சுற்றி, பாலித்தீன் பைக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். பையில் ஊசியால் பத்துப் பன்னிரண்டு துளை போடுங்கள். நிழலில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள், பூஞ்சை பிடிக்காமல் இருக்கும். இவ்வளவு பெரிய பல் முழுக்கக் காய மூன்று வாரத்துக்குக் குறையாது. சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

காய்ந்த பிறகு கெட்டிப்படுத்த வேண்டியிருந்தால், அருங்காட்சியகங்களில் பயன்படும் பாராலாய்ட் பி-72 என்ற பிசினை 100 மில்லி அசிட்டோனுக்கு 5 கிராம் வீதம் கரைத்துத் தூரிகையால் விடலாம். ஈரம் இருக்கும்போதே விட்டால் வெள்ளை பூத்துவிடும். வார்னிஷ், மர ஒட்டுப் பசை, உடனே ஒட்டும் பசை எதுவும் வேண்டாம். பின்னால் கழற்ற முடியாது.

இனி அடையாளம். உங்கள் படத்தில் உள்ள வரிகள் மேடும் பள்ளமுமாக, கூரை ஓடு அடுக்கியது போல இருக்கின்றனவா, அல்லது மட்டமான தரையில் எனாமல் வளையங்களாக இருக்கின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. கூரை போல இருந்தால் ஸ்டெகோடான் என்ற, யானைக்கு உறவான, அழிந்துபோன விலங்கு. அந்தப் பெயருக்கே கூரைப் பல் என்றுதான் பொருள். உங்களுடையது மட்டமான தரை. தட்டையான நீள்வளையங்கள் வரிசையாக நிற்கின்றன, நடுவே சிமென்டம் நிரம்பியிருக்கிறது. ஒவ்வொரு வளையமும் பல்லுக்குள் செங்குத்தாக நிற்கும் ஒரு தகட்டின் தேய்ந்த நுனி. எனவே உண்மையான யானைக் கூட்டம்.

அடுத்து எண்ணிக்கை. பல்லின் நீளவாட்டில் 10 செ.மீ. குறித்துக்கொண்டு, அதற்குள் எத்தனை தகடு வருகிறது என்று எண்ணுங்கள். மெல்லும் முகத்தில் மட்டும் எண்ணினால் தவறும், ஏனென்றால் தகடுகள் விசிறி போல விரிந்திருக்கும். கன்னப் பக்கம், நாக்குப் பக்கம் இரண்டிலும், மேலேயும் அடியிலும் எண்ணி, நான்கு எண்களின் சராசரியை எடுங்கள். ஆசிய யானைக்கு இது பெரும்பாலும் 5-லிருந்து 8-க்குள் வரும். ஸ்டெகோடானுக்கு 3, 4 தான். எனாமலின் தடிப்பையும் அளந்து எழுதுங்கள். வெர்னியரின் முனையை எனாமல் செங்குத்தாக நிற்கும் இடத்தில் வைக்க வேண்டும், சரிந்து தேய்ந்த இடத்தில் வைத்தால் தடிப்பு கூடுதலாகக் காட்டும். பிறகு வளையத்தின் நடுவைப் பாருங்கள். நடு புடைத்து வைரக்கட்டம் போலிருந்தால், நர்மதைப் பள்ளத்தாக்கில் புகழ்பெற்ற நேர்தந்த யானையின் வழியை யோசிக்க வேண்டும். இரு பக்கமும் இணையாக ஓடி எனாமல் சுருக்கம் சுருக்கமாக இருந்தால் ஆசிய யானையின் வழி.

முழுப்பல்லில் மொத்தம் எத்தனை தகடு என்பதை உடைந்த பல்லில் எண்ணிச் சொல்லிவிடாதீர்கள். யானைக்குத் தாடையின் ஒவ்வொரு கால்பகுதியிலும் வாழ்நாளில் ஆறு பல், ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வரும். முன் தகடுகள் தேய்ந்து உதிர்ந்துகொண்டே போகும். முதல் பல் கட்டைவிரல் அளவுதான், அதைப் பார்த்துக் குள்ள யானை என்று எழுதியவர்கள் உண்டு. ஆறாவது பல்லில் ஆசிய யானைக்கு இருபதுக்கு மேல் தகடு இருக்கும், ஆப்பிரிக்க யானைக்கு பத்திலிருந்து பதினான்கு.

இன்றைய யானையா, அழிந்துபோனதா என்று உங்கள் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. இரத்தினபுரிக் குழிகளில் இரண்டுக்கும் இடம் உண்டு. காண்டாமிருகம், நீர்யானை, சிங்கம் எல்லாம் இலங்கையில் வாழ்ந்தன என்பதே அந்தக் குழிகளில் வந்த எச்சங்களால்தான் தெரிந்தது. அவற்றை விவரித்தவர் பி.இ.பி. தெரணியகல. இல்லம் எத்தனை அடி ஆழத்தில் இருந்தது, மேலே எத்தனை களிமண் அடுக்கு என்று குழியில் வேலை செய்தவரிடமே கேட்டு எழுதி, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குக் காட்டுங்கள். குழியை மூடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

ஓசூர் வாசகர்: கல்லான குரங்குக் கை என்று ஒருவர் காட்டினார். நாலு விரல் ஒட்டியது போல, உள்ளங்கை அளவு. படம் இணைத்திருக்கிறேன்.

கை இல்லை. யானைப் பல்லின் ஒற்றைத் தகடு, இன்னும் தேயாதது. தகடுகளை ஒட்டிப் பிடிக்கும் சிமென்டம் பல்லின் பின்பகுதியில் கடைசியாகத்தான் உருவாகும். அது முடியுமுன் விலங்கு செத்தால் தகடுகள் தனித்தனியே கழன்றுவிடும். ஒவ்வொன்றின் நுனியும் விரல் விரலாக இருக்கும். உடைந்த விளிம்பைப் பாருங்கள்: நடுவில் டென்டின், இரு பக்கமும் எனாமல், மூன்று அடுக்கு. எலும்பில் இந்த அடுக்கு வரவே வராது.

இதோடு ஒரு எச்சரிக்கையும். தனிப்பல் புதைபடிவம் இல்லாமல் இன்றைய யானையுடையதாக இருந்தால், வன உயிரின (பாதுகாப்பு) சட்டம், 1972-இன் கீழ் வருகிறது. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். வாங்குவதும் விற்பதும் குற்றம். காட்டியவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

அரியலூர் வாசகர்: சுண்ணாம்புச் சுரங்கத்துப் பக்கம் புலிப்பல் போல ஒன்று எடுத்தேன். பளபளப்பு, முக்கோணம், 3 செ.மீ.

சுறாப்பல். அரியலூர்ப் பாறை கடலில் படிந்தது, கிரெட்டேசியஸ் காலம், அதாவது டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி. மிக இளைய அடுக்குகூட 6 கோடி ஆண்டுக்குக் குறையாது. அப்போது புலியும் இல்லை, பூனைக் குடும்பமே இல்லை. பாறையின் வயது தெரிந்தால் பாதிச் சந்தேகம் தானே தீர்ந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. புலியின் கோரைப்பல் உருண்டு, உள்ளே வேர்க்குழி நீண்டு, எனாமல் நுனிப் பாதியில் மட்டும் இருக்கும். சுறாப்பல் தட்டை, அடியில் கவட்டை போல இரண்டாகப் பிரிந்த மங்கலான பாகம் இருக்கும். கூர்மையான இரு விளிம்பிலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள், சில இனங்களில் அரம் போலப் பல் பல்லாகத் தட்டுப்படும்.

அங்கே இன்னொரு ஏமாற்றும் பல்லும் உண்டு. டைகோடஸ் என்ற சுறா, சிப்பியை நசுக்கித் தின்றது. அதன் பல் குட்டையான மேடை, மேலே இணையான வரிகள். அந்த வட்டாரத்தில் காரை என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் பாறை அடுக்கில் கிடைத்திருக்கிறது. வரியைப் பார்த்ததும் குட்டி யானைப்பல் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அதில் தேய்ந்த எனாமல் வளையமோ, நடுவே சிமென்டமோ இருக்காது.

விழுப்புரம் வாசகர்: திருவக்கரை அருகே வரிவரியாக ஒரு கல். யானைப்பல்லா?

கல்மரத் துண்டு. பல்லில் வரி என்றால் மூன்று பொருள் மாறி மாறி வரும். இதில் ஒரே பொருள்தான், நிறம் மட்டும் மாறுகிறது. உடைந்த மூலையால் பழைய கண்ணாடித் துண்டில் கீறிப் பாருங்கள். சிலிக்காவாக மாறிய மரம் கண்ணாடியைக் கீறும், எனாமல் பெரும்பாலும் கீறாது. கீறிப் பார்ப்பதற்கு ஏற்கெனவே உடைந்த மூலையை மட்டும் பயன்படுத்துங்கள். திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குள் கிடப்பதை எடுத்து வரக் கூடாது.

கோயம்புத்தூர் வாசகர்: பல்லை எதைக் கொண்டு சுத்தம் செய்வது? புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வருமா?

வேண்டவே வேண்டாம். புளி, எலுமிச்சை, வினிகர், கழிப்பறை அமிலம் எல்லாம் பித்தளைக்கு ஆகும், பல்லுக்கு ஆகாது. பல் என்பது கால்சியம் பாஸ்பேட். சுண்ணாம்பைத் தின்னும் அமிலம் பல்லையும் தின்னும். டென்டின் முதலில் போகும், பிறகு எனாமல் விளிம்பு மழுங்கும், அதோடு அடையாளமும் போய்விடும். மெல்லிய பல்துலக்கி, மூங்கில் குச்சி, தேவைப்பட்டால் ஒரு மூலையில் சோதித்த பிறகு கொஞ்சம் தண்ணீர், அவ்வளவு போதும். இரும்பு ஊசி எனாமலில் கறுப்புக் கோடு போடும், அதைப் பிற்பாடு வெட்டுக்காயம் என்று யாராவது தவறாகப் படிப்பார்கள். சூடான ஊசியால் குத்தி மயிர் கருகும் வாடை வருகிறதா என்று பார்க்கும் பழக்கமும் உண்டு. வாடை வந்தால் புரதம் மிச்சமிருக்கிறது, பல் புதியது என்பது உண்மைதான், ஆனால் நிரந்தரத் தழும்பு விழும். எங்கள் கருத்தில் அதற்கு அவசியமே இல்லை.

திருநெல்வேலிக் கல்லூரி மாணவி: ஒரே ஒரு பல்லை வைத்துப் புது இனம் என்று பெயர் வைக்கிறார்களே, அது சரியா?

சில சமயம் சரியாக வந்திருக்கிறது, சில சமயம் பெரிய அவமானத்தில் முடிந்திருக்கிறது. 1935-ல் தொல்லுயிரியலாளர் ஃபான் கோனிக்ஸ்வால்ட், ஹாங்காங்கில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் டிராகன் பல் என்று விற்ற குவியலில் பெரிய கடைவாய்ப்பல் ஒன்றைப் பார்த்தார். மனிதக் குரங்குதான், ஆனால் எந்தக் குரங்குக்கும் இல்லாத அளவு. ஜைகான்டோபிதிகஸ் என்று பெயரிட்டார். பிறகு சீனக் குகைகளில் தாடைகளே கிடைத்தன. இலங்கைச் சிங்கமும் அப்படித்தான்: குருவிட்டயில் கிடைத்த கீழ்த்தாடையின் வெட்டும் கடைவாய்ப்பல்லைக் கொண்டு 1939-ல் பெயரிடப்பட்டது. ஊனுண்ணிகளில் மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப்பல்லும் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லும் கத்தரி போல ஒன்றோடொன்று உரசும். பூனைக் குடும்பத்தில் அந்தக் கீழ்ப்பல் இரண்டே அலகுதான், பின்னால் நசுக்கும் மேடை கிடையாது, நாயில் உண்டு. தனிப்பல்லிலும் குடும்பத்தைச் சொல்ல முடிவது இதனால்தான்.

மறுபக்கம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா. 1922-ல் தொல்லுயிரியலாளர் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன் அங்கே கிடைத்த தேய்ந்த பல் ஒன்றை மனிதக் குரங்கு என்று அறிவித்தார். அதே இடத்தில் மேலும் தோண்டியபோது பெக்கரி என்ற பன்றி போன்ற விலங்கின் பல் என்று தெரிந்தது, 1927-ல் திரும்பப் பெற்றார்கள். பன்றிக்கும் கரடிக்கும் குரங்குக்கும் மனிதனுக்கும் பல் குமிழ் குமிழாகத்தான் இருக்கும். எல்லாம் தின்னும் வாய்க்கு அந்த வடிவமே போதும். குமிழ் தேய்ந்து வட்டமானால் நான்கும் ஒன்று போலத் தெரியும். தேயாத பன்றிப்பல்லில் பெருங்குமிழ்களுக்கு நடுவே பொடிக் குமிழ்கள் ஏராளம் இருக்கும், கடைசிப் பல் பின்னால் நீண்டு போகும். அந்தப் பொடிக் குமிழ்கள் தேய்ந்த பிறகு துணிந்து பெயர் சொல்லக் கூடாது.

மதுரை வாசகர்: பெரிய விலங்குகளைப் பற்றியே எழுதுகிறீர்கள். எலி அளவு விலங்குகளின் பல்லை எப்படித் தேடுவது?

கண்ணால் தேடினால் கிடைக்காது, மண்ணைக் கழுவ வேண்டும். தெலங்கானாவின் நஸ்கலில் தக்காண எரிமலைப் பாறைகளுக்கு இடைப்பட்ட மண்ணைக் கழுவித்தான் இந்தியாவின் முதல் கிரெட்டேசியஸ் பாலூட்டியைக் கண்டார்கள். 1988-ல் பிரசாத், சாஹ்னி இருவரும் வெளியிட்டார்கள். டெக்கானோலெஸ்டிஸ் என்ற அந்த விலங்கின் கடைவாய்ப்பல் மி.மீ. கணக்கில்தான் வரும்.

10 கிலோ மண்ணை வெயிலில் மொறுமொறுவென்று காய விடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றி மூழ்க வைத்து, சில மணி நேரம் கழித்து எண்ணெயை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். களியின் துளைக்குள் புகுந்த எண்ணெயைத் தண்ணீர் தள்ளும், கட்டி தானே சேறாகிவிடும். மண் சரியாகக் காயவில்லை என்றால் எண்ணெய் உள்ளே போகாது, கட்டி கட்டியாகவே நிற்கும். முறை தோற்பது பெரும்பாலும் இதனால்தான். கையால் பிசைந்து உடைத்தால் பல்லும் உடையும். 0.5 மி.மீ. கண்ணுள்ள சல்லடையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி ஆட்டுங்கள், மேலிருந்து குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். மிஞ்சியதைக் காயவைத்து, கறுப்புத் தட்டில் பரப்பி, பத்து மடங்கு லென்ஸில் பார்த்து, ஈரமான தூரிகை நுனியால் ஒற்றி எடுக்க வேண்டும். இடுக்கி வேண்டாம், பல் தெறித்துக் காணாமல் போகும். மேல் கடைவாய்ப்பல்லில் மூன்று வரிசையாக மேடுகள் இருந்தால் இன்றைய எலியின் குடும்பம்.

ஈரோடு வாசகர்: அடையாளம் காணப் படம் எப்படி எடுக்க வேண்டும்?

மெல்லும் முகம், கன்னப் பக்கம், நாக்குப் பக்கம், முன், பின், வேர் என ஆறு படம். செல்பேசியை அரை மீட்டர் தள்ளி வைத்து இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கிட்டே வைத்தால் நடு உப்பி ஓரம் சுருங்கும். அளவுகோலை மேசையில் போடாதீர்கள், தீப்பெட்டிகளை அடுக்கி மெல்லும் முகத்தின் மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். 5 செ.மீ. கீழே கிடக்கும் அளவுகோல் பல்லைப் பெரிதாகக் காட்டும். வெளிச்சம் இடப்பக்க மேல் மூலையிலிருந்து தாழ்வாக, சன்னல் வழியே வரட்டும். ஃபிளாஷ் போட்டால் வரப்பின் நிழல் போய்விடும், படத்தால் பயன் இல்லை.

காரைக்குடி வாசகர்: தாத்தாவின் பெட்டியில் ஒரு பல் இருந்தது. கொசுவ மடிப்பெல்லாம் நீங்கள் எழுதும் குதிரைப்பல் போலவே. எங்கே கிடைத்தது என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. இனி பயன் உண்டா?

உண்டு. எந்தக் காரணத்துக்கும் அதைக் கழுவாதீர்கள். குதிரைப்பல்லின் வேர்ப்பக்கக் குழிக்குள் பெரும்பாலும் பழைய மண் கெட்டியாக அடைந்திருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்து நிறத்தையும் பருமனையும் எழுதுங்கள்: சாம்பல் நிற மணற்கல்லா, செம்மண்ணா, சிப்பித் துணுக்கு தெரிகிறதா, மைக்கா மினுக்குகிறதா. அந்தக் குழியை மட்டும் தனியாக ஒரு படம் எடுங்கள். பெட்டியில் பல்லைச் சுற்றியிருந்த தாள், துணி, நூல், பழைய ரசீது எதையும் எறியாமல் அதே பையில் போட்டு வையுங்கள். செய்தித்தாளாக இருந்தால் ஊர்ப் பதிப்பும் தேதியும் அதில் இருக்கும். தாத்தா எந்த ஊர்களில் தொழில் செய்தார், எந்த ஆண்டுகளில் என்று வீட்டுக் கணக்கு ஏடுகளிலிருந்து எழுதி எடுத்து, படங்களோடு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் புவியியல் பிரிவில் காட்டுங்கள்.